வீட்டு நெட்டுக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டியே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். போதாத வீடுகளும் உண்டு. விளம்பரங்களை எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே இடத்தில் தடுக்க வேண்டும், வாசல் கேமராவையும் ஸ்மார்ட் டிவியையும் ஆபீஸ் லேப்டாப் பக்கம் வரவிடாமல் ஒதுக்க வேண்டும், ஊருக்குப் போயிருக்கும்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலைப் பத்திரமாக எடுக்க வேண்டும் என்றெல்லாம் ஆசை வந்துவிட்டால், லைனுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை உட்கார வைப்பார்கள். அதுதான் கேட்வே. இரவு பகல் பாராமல், மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல், யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய பெட்டி. அதனால் லேப்டாப் வாங்கும் கண்ணோடு இதை வாங்கக் கூடாது.

1. கடைக்குப் போவதற்கு முன் பிராட்பேண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் 100, 200, 300 மெகாபிட் என்று போட்டிருந்தால் இன்றைக்குக் கிடைக்கும் எந்தக் குட்டி இன்டெல் பெட்டியும் தாங்கும். முழு ஒரு கிகாபிட் லைனே என்றாலும், 1500 பைட் கொண்ட பெரிய பாக்கெட்டுகளாக வரும்போது நொடிக்குச் சுமார் 81,000 பாக்கெட்தான். இன்டெல் என்100 போன்ற சின்ன பிராசஸருக்கு இது பெரிய வேலையே இல்லை. ஐ5, ஐ7 என்று போனால் விலையும் கரண்டும்தான் ஏறும். பிராசஸருக்கு உண்மையிலேயே வேர்க்கும் இடங்கள் மூன்று: விபிஎன், ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்க்கும் ஐடிஎஸ், லைனில் வரிசையைக் கட்டுப்படுத்தும் ஷேப்பிங். இதில் ஐடிஎஸ் வீட்டுக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இப்போது இணையத்தில் போவது பெரும்பாலும் பூட்டிய பாக்கெட். நடுவில் நின்று பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. மெமரியைத் தின்பதுதான் மிச்சம்.

2. ஷேப்பிங் மட்டும் நிச்சயம் வேண்டும். மகள் போனிலிருந்து வீடியோக்கள் கூகுளுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் வீடியோ கால் திக்குகிறதா? லைன் வேகம் போதாததால் அல்ல, மோடத்துக்குள் பாக்கெட்டுகள் நீண்ட வரிசையில் காத்திருப்பதால் வரும் கோளாறு இது. எஃப்க்யூ-கோடெல், கேக் என்ற இரண்டு முறைகள் இதற்கென்றே உருவானவை. கேக் 2018-இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. லைனின் உண்மையான வேகத்தை அளந்து, அதில் 90 சதவீதம் அளவுக்கு எல்லையை வைத்தால் வரிசை மோடத்தில் சேராது, உங்கள் பெட்டியில்தான் சேரும். அங்கே அதை ஒழுங்குபடுத்தலாம். கேட்வே மாற்றியதில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்குக் கண்ணில் தெரியும் ஒரே பலன் அநேகமாக இதுதான்.

3. வாட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடைவிடாமல் ஓடும் பொருளுக்கு ஒவ்வொரு வாட்டும் 60 நாளில் 1.44 யூனிட். சுவர் சாக்கெட்டில் 10 வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மாத ஈபி பில்லில் 14.4 யூனிட் சேர்க்கும். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் 86.4 யூனிட் சேர்க்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சலுகையில் பெரும்பகுதியை மூலையில் கிடக்கும் ஒரு டெஸ்க்டாப்பே சாப்பிட்டுவிடும். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் ஏசி வீடாக இருந்தால் இன்னும் மோசம். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறும். ஏப்ரல், மே பில்லில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

4. விளம்பரத்தில் போட்டிருக்கும் ‘6 வாட்’ என்பது பிராசஸருக்கு மட்டும். மெமரி, எஸ்எஸ்டி, நான்கு நெட்வொர்க் சிப், அடாப்டரில் வீணாவது எல்லாம் தனி. என்100 பெட்டி சும்மா இருக்கும்போது பொதுவாக 10 வாட்டை ஒட்டி நிற்கும். சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பிரிட்ஜ், டிவி செட்டாப் பாக்ஸ் வரை எல்லாவற்றையும் அளந்துவிடலாம்.

5. பரணில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் பழகிப் பார்க்க நல்லது. மென்பொருளைப் போட்டு, கைக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு சின்னப் பெட்டி வாங்குங்கள்.

6. ஈதர்நெட் போர்ட் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: ஒன்று லைனுக்கு, ஒன்று வீட்டுக்கு. நான்கு போர்ட் வைத்த பெட்டிகள் நிறைய வருகின்றன. ஆனால் அந்த நான்கும் ரூட்டரின் பின்னால் இருக்கும் நான்கு துளைகளைப் போல அல்ல. ஒவ்வொன்றும் தனி வாசல். அவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னால் பிராசஸர்தான் சுமக்கும். டிவி, கம்ப்யூட்டர், வைஃபை பெட்டி எல்லாவற்றுக்கும் கம்பி போட வேண்டுமானால் ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். கேமராவைத் தனி வலையில் ஒதுக்கும் எண்ணம் இருந்தால் விலான், அதாவது ஒரே கம்பியில் தனித்தனி வலைகளை ஓட்டும் வசதி, தெரிந்த ஸ்விட்சாகக் கேட்டு வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

7. ஒரே போர்ட் உள்ள கம்ப்யூட்டரில் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் செருகிச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். சமாளிக்கலாம்தான். நள்ளிரவில் அது தானாகக் கழன்றதுபோல் மறைந்துவிட்டால் மறுபடி பிடுங்கிச் செருக ஆள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்.

8. போர்ட்டின் எண்ணிக்கையைப் பார்த்ததும் அதன் பின்னால் எந்த சிப் என்று கேளுங்கள். பழைய ஐ210, ஐ211 இரண்டும் ஒரு கிகாபிட் இன்டெல் சிப்கள், பிரச்சினை செய்யாதவை. பிறகு வந்த 2.5 கிகாபிட் ஐ225-வி சிப்பின் முதல் பதிப்புகளில் பாக்கெட்டுகளுக்கு இடையிலான இடைவெளியில் கோளாறு இருந்தது. சில ஸ்விட்சுகளோடு சேர்ந்தால் வேகம் அதலபாதாளத்துக்குப் போகும். பி3 என்ற பதிப்பில் திருத்தினார்கள். இப்போது வருபவற்றில் ஐ226-வி தான் அதிகம். ரியல்டெக் சிப் என்றால் லினக்ஸ் சார்ந்த மென்பொருளில் கவலையில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தைச் சார்ந்தவற்றில் தனி டிரைவர் தேட வேண்டி வரலாம். விற்பவருக்குச் சிப்பின் பெயரே தெரியவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

9. பிராசஸரில் பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது ஏஇஎஸ்-என்ஐ, அதாவது பூட்டும் திறக்கும் கணக்கைச் சிப்பே செய்யும் வசதி. ஓப்பன்விபிஎன் பயன்படுத்துபவர்களுக்கு இது அவசியம். பிஎஃப்சென்ஸ் என்ற கேட்வே மென்பொருளின் 2.5 பதிப்புக்கு இது கட்டாயம் என்று 2017-இல் அறிவித்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை அதற்காகவே மாற்றியவர்கள் உண்டு. கடைசியில் அந்த நிபந்தனையைக் கைவிட்டுவிட்டார்கள்! வயர்கார்டு விபிஎன் போதும் என்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அது வேறு கணக்கு முறையில் ஓடுவது, 2020-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. இரண்டாவது, ஒற்றைக் கோரின் வேகம். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ லைனாக இருந்தால் அந்த வேலை பெரும்பாலும் ஒரே கோரின் தலையில்தான் விழும். எட்டு மெதுவான கோர்களைவிட நான்கு வேகமான கோர்கள் மேல்.

10. 2023-இல் வந்த என்100 இப்போதைக்கு நல்ல நடுவழி. அதற்கு முந்தைய என்5105, ஜே4125 வைத்த பெட்டிகள் பழைய விலைக்குக் கிடைத்தால் 300 மெகாபிட் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். பழைய வழிகாட்டிகள் பலவற்றில் சுவிட்சர்லாந்து பிசி இன்ஜின்ஸ் நிறுவனத்தின் ஏபியு2 பலகையைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். புகழுக்கு உரியதுதான், ஆனால் அதன் கோர் ஓடுவது 1 கிகாஹெர்ட்ஸில், தயாரிப்பும் நின்றுவிட்டது. இன்று அதைத் தேடி அலைய வேண்டாம்.

11. ராஸ்ப்பெர்ரி பை வீட்டில் சும்மா கிடக்கிறது என்று அதையே கேட்வே ஆக்க நினைப்பவர்கள் எந்த மாடல் என்று பாருங்கள். 3பி+ மாடலில் கிகாபிட் என்று எழுதியிருந்தாலும் உள்ளே யூஎஸ்பி 2 வழியாகப் போவதால் 300 மெகாபிட்டோடு நின்றுவிடும். 2019-இல் வந்த பை 4-இல் உண்மையான கிகாபிட் போர்ட், ஆனால் ஒன்றுதான். அதன் சிப்பில் ஏஇஎஸ் வசதியும் கிடையாது. பை 5-இல்தான் வந்தது. விளம்பரத் தடுப்புக்கு மட்டும் என்றால் பை அருமையான பொருள். கேட்வேக்கு என்றால் இரண்டு போர்ட்டோடே வரும் நானோபை ஆர் வரிசைப் பலகைகள் பொருத்தம். அவை குடிக்கும் கரண்டும் மிகக் குறைவு.

12. மெமரி 4 ஜிபி போதும், 8 ஜிபி தாராளம். டிஸ்க் 64 ஜிபி எஸ்எஸ்டி என்றாலே பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். எஸ்டி கார்டில் மட்டும் ஓட்டாதீர்கள். கேட்வே நாள் முழுக்க லாக் எழுதிக்கொண்டே இருக்கும். கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். வேறு வழியில்லை என்றால் லாக்கை மெமரியிலேயே வைக்கச் சொல்லும் அமைப்பைப் போடுங்கள்.

13. வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். யாரும் பட்டனைத் தொடாமல் பெட்டி தானாக எழுந்து, நெட் வர வேண்டும். வரவில்லையா? பயாஸுக்குள் போய், கரண்ட் திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பைத் தேடி ‘ஆன்’ என்று வையுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும், பவர் என்ற தலைப்பின் கீழ் தேடினால் கிடைக்கும். சில பழைய பெட்டிகள் வேறு மாதிரி சண்டித்தனம் செய்யும்: கீபோர்டு இல்லை, எஃப்1 அழுத்து என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். மானிட்டர் இல்லாததால் அது நமக்குத் தெரியவும் தெரியாது. அதையும் பயாஸில் அணைக்கலாம். இந்த இரண்டு அமைப்புமே இல்லாத பெட்டியை, எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று ஒன்று இருக்கும் ஊரில் அந்தப் பெட்டி உதவாது.

14. அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 12 வோல்ட் பெட்டியாக இருந்தால் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன டிசி யூபிஎஸ்ஸே போதும். ஆபீஸிலிருந்து கழித்து விற்கும் மினி கம்ப்யூட்டர்கள் பல 19 வோல்ட். அவற்றுக்கு இது சரிப்படாது, இன்வெர்ட்டர் லைனில்தான் போட வேண்டும். 12 வோல்ட், 2 ஆம்பியர் யூபிஎஸ் என்றால் 24 வாட் வரை. உங்கள் பெட்டிக்கும் ஃபைபர் பெட்டிக்கும் அடியில் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டிக்கும் யூபிஎஸ் கொடுக்க வேண்டும் என்பது பலருக்கு முதல் மின்தடையில்தான் ஞாபகம் வரும். பின்னையும் கவனியுங்கள்: வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று ஒன்றுபோலவே இருக்கும், உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு ரகம். 2.1 பின் 2.5 குச்சியில் ஏறாது. 2.5 பின் 2.1 குச்சியில் ஏறிவிடும். ஆனால் ஆடிக்கொண்டே இருந்து, துடைப்பம் பட்டாலே கரண்டை விடும்.

15. ஃபேன் இல்லாத பெட்டியே வாங்குங்கள். சத்தமும் இல்லை, தூசியும் உள்ளே போகாது. ஆனால் அதன் அலுமினிய உடம்புதான் சூட்டை வெளியே தள்ளுகிறது. அதன் மேல் ஃபைபர் பெட்டியை வைப்பது, அதற்கும் மேலே ஸ்விட்சை அடுக்குவது, மொத்தத்தையும் டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது எல்லாம் கூடாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் அக்னி நட்சத்திரத்தில் அடுப்புதான். வரிவரியாக இருக்கும் பக்கம் மேலே பார்த்து, நான்கு பக்கமும் காற்றுப் போகும்படி வையுங்கள். சூட்டுக்காக எறும்பும் பல்லியும் தேடி வரும். திறந்த போர்ட்களுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள்.

16. மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல்லை மறக்காதீர்கள். கைமாறி வந்த பெட்டி என்றால் சிஆர்2032 செல் ஒன்றை உடனே புதிதாகப் போடுங்கள். ஏன் என்றால், செல் தீர்ந்த பெட்டி கரண்ட் போய் வந்ததும் பழைய தேதியோடு விழிக்கும். இணையப் பெயர்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் சோதனை போட்டிருந்தால், கையொப்பங்களின் தேதி பொருந்தவில்லை என்று எந்த இணையப் பெயரையும் நம்ப மறுக்கும். சரியான நேரத்தைக் கேட்கலாம் என்றால், நேரம் சொல்லும் சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியாது. விளக்கெல்லாம் பச்சையாக எரியும், நெட் மட்டும் வராது; லைன்மேனைக் கூப்பிட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்பார். பை 4-இல் இந்தக் கடிகாரமே கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள். செல் போடுவதோடு, நேர சர்வர் ஒன்றை எண் முகவரியாகவும் எழுதி வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

17. பெட்டிக்குள் வைஃபை கார்டு இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். குட்டி ஆன்டெனாவை வைத்துக்கொண்டு மூலையிலிருந்து வீடு முழுக்க வீச அதனால் முடியாது. ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபை ஆதரவும் சுமார்தான். பழைய ரூட்டரையே வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை உங்கள் வலைக்குள் வரும்படி மாற்றி, கம்பியை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட்டில் செருகினால் வலைக்குள் இன்னொரு வலை கிளம்பிவிடும்.

18. வாங்குவதற்கு முன் இணைப்பு தருபவரிடம் மூன்று கேள்வி. ஃபைபர் பெட்டியை, ரூட்டர் வேலை பார்க்காமல் லைனை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தருவார்களா? பிபிபிஓஇ என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் கொடுப்பார்களா? பொது ஐபி முகவரி கிடைக்குமா? முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியூரிலிருந்து வீட்டுக்குள் விபிஎன் போட முடியாது. ஐபிவி6 கொடுத்தால் அந்த வழியில் வரலாம், இல்லையென்றால் காசு கொடுத்து நிலையான முகவரி வாங்க வேண்டும். பிபிபிஓஇ-யில் இன்னொரு சின்ன விஷயம்: அது எட்டு பைட் எடுத்துக்கொள்வதால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 அல்ல, 1492. சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

19. ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது. ஆனால் கேபிள்காரர் கம்பத்திலிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பியாக ஈதர்நெட் இழுத்திருந்தால் மழைக்காலத்தில் முதலில் போவது கேட்வேயின் வான் போர்ட்தான். இடி கேட்டதும் கழற்றிவிடுவது உத்தமம். ஊரில் இல்லாத நேரத்துக்காக, அந்தக் கம்பியை நேராகப் பெட்டியில் செருகாமல் நடுவில் மலிவான ஸ்விட்ச் ஒன்றைப் போடுங்கள். முழுப் பாதுகாப்பு இல்லை. பல நேரம் அது செத்து இது பிழைக்கும்.

20. மென்பொருள்: திரையில் கிளிக் செய்து எல்லாம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ். இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுபவை. 2015-இல் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து வந்தது ஓபிஎன்சென்ஸ். நானோபை, பை போன்ற சின்னப் பலகைகளுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்டெல் பெட்டியிலும் அது ஓடும், கேக் ஷேப்பிங்கும் அதில் எளிது. பெட்டியோடு எதையாவது போட்டுக் கொடுத்தால், அதை முழுக்க அழித்துவிட்டு அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி நீங்களே போடுங்கள். வீட்டுக்குள் வரும் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

21. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் தின் கிளையன்ட் எனப்படும் பழைய ஆபீஸ் குட்டிக் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். எச்பி டி620 பிளஸ் போன்றவற்றில் பிசிஐ-இ ஸ்லாட் இருப்பதால் இரண்டு போர்ட் இன்டெல் கார்டு ஒன்றைச் செருகலாம். பிளஸ் இல்லாத மாடலில் அந்த ஸ்லாட் கிடையாது, பெயரைக் கவனமாகப் படியுங்கள். கார்டிலும் போலி உண்டு. நம்ப முடியாத விலை சொன்னால் நம்பாதீர்கள்.

22. எல்லாம் ஓடத் தொடங்கியதும் அமைப்பு ஃபைலை பென் டிரைவில் எடுத்து பெட்டியின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிதாக எடுங்கள். கம்பிகளில் ‘லைன்’, ‘வீடு’ என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். கம்பெனி கொடுத்த பழைய அமைப்புக்கு எப்படித் திரும்புவது என்று, எந்தக் கம்பியைப் பிடுங்கி எங்கே செருக வேண்டும் என்று நான்கு வரியில் தமிழில் எழுதி அதே இடத்தில் வையுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது பெட்டி மக்கர் செய்தால், போனில் உங்கள் அம்மாவோ மாமனாரோ அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்.